வெங்காய மண்டிச் சுமைப்பணியாளரின் இடுப்பு வலி: மூன்று வாரப் படுக்கையும் வேலைக்குத் திரும்பிய வழியும் (ஒரு நிகழ்வு ஆய்வு)

பின்னணி

மதுரை நகரின் மொத்த வெங்காய மண்டி ஒன்றில் 16 ஆண்டுகளாக மூட்டை இறக்கி வரும் 38 வயது ஆண். ஊர் மேலூர்ப் பக்கத்துக் கிராமம். வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் தாய். இரவுச் சோற்றை முடித்துவிட்டு வண்டியில் கிளம்பினால் திரும்பி வர மறுநாள் காலை பத்தாகும்.

மகாராஷ்டிரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பெரிய வெங்காயம் ஏற்றிய லாரிகள் நள்ளிரவு தாண்டி வந்து நிற்கும். பகல் நெரிசல் தொடங்குமுன் வண்டியைக் காலி செய்துவிட வேண்டும் என்பது ஓட்டுநர், கடைக்காரர் இருவருக்கும் பொதுவான அவசரம். 10 டன் லாரி என்றால் 50 கிலோச் சாக்கு 200. ஒரு செட்டில் ஒன்பது பேர்: லாரி மேல் மூவர், சுமப்போர் நால்வர், கடைக்குள் அட்டி அடுக்குவோர் இருவர். ஒரு லாரிக்கு ஒரு சுமப்பாளருக்கு ஏறக்குறைய 50 நடை. இரவுக்கு இரண்டு லாரி வந்தால் 100.

கூலி மூட்டைக் கணக்கு. மேஸ்திரி கையில் மொத்தமாக வாங்கி ஒன்பது பங்காகப் பிரிப்பார். வராதவருக்குப் பங்கு இல்லை. இந்த நிகழ்வில் உடம்பைப் பற்றிப் பேசப்பட்டது எல்லாவற்றையும்விடக் கடைசியில் பெரிதாக நின்றது இந்த ஒரு விதிதான்.

இதற்கு முன்பும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை இவருக்கு இடுப்புப் பிடிப்பு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நாளில் தானாக விட்டுப் போயிருக்கிறது.

தொடக்கம்: ஐப்பசியில் ஒரு மழை இரவு

சாக்கு நனைந்திருந்தது. லாரியின் அடித்தளத்தில் கிடந்த கடைசி வரிசை மூட்டையை இருவர் கொக்கி போட்டுத் தூக்கி இவர் முதுகில் ஏற்ற வேண்டும். அவர்களில் ஒருவரின் கொக்கி ஈரச் சாக்கைக் கிழித்து நழுவியது. சரிந்த மூட்டையை விடாமல் பிடிக்க இவர் குனிந்த நிலையிலேயே இடுப்பைத் திருப்பினார். வலப்பக்க அடி இடுப்பில் ‘சுளீர்’ என்றது. ஆனாலும் அன்று மீதி மூட்டைகளை இறக்கிவிட்டுத்தான் வீடு போனார்.

அடுத்த நான்கு நாளும் வேலைக்குப் போனார். முதல் நாளும் மூன்றாம் நாளும் ஊசி போட்டுக்கொண்டார். மருந்துக் கடையில் ‘செட் மாத்திரை’ வாங்கினார். சீட்டு இல்லை, பெயர் இல்லை; வேளைக்கு நான்கைந்து மாத்திரை ஒரு காகிதப் பொட்டலத்தில். ஐந்தாம் நாள் காலை எழ முடியவில்லை. சுளுக்கு வழிப்பவரிடம் இரண்டு தடவை போனார்கள். எட்டாம் நாள் தனியார் மையம் ஒன்றில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதற்கு மனைவியின் தோடு அடகுக்குப் போனது. ஸ்கேனுக்கு முன்போ பின்போ ஒருவரும் இவரைக் குனியச் சொல்லியோ காலைத் தூக்கச் சொல்லியோ பார்க்கவில்லை.

அறிக்கையில் எல்4-எல்5 இடத்தில், அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே, ஜவ்வு (டிஸ்க்) சற்றுப் புடைத்திருக்கிறது என்று ஒரு வரி. அந்த வரி இவர் காதில் விழும்போது, ‘ஜவ்வு வெலகிருச்சு, இனிமே மூட்டைத் தூக்கினா காலு வராமப் போயிரும்’ என்று ஆகியிருந்தது. கட்டிலை எடுத்துவிட்டுப் பலகையில் படுக்கச் சொன்னார்கள். இடுப்புப் பெல்ட் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்கள். எட்டாம் நாளும் பதினைந்தாம் நாளும் மேலும் இரண்டு ஊசி. இப்படியே 23ஆம் நாள் வரை.

கண்டறியப்பட்டது எப்படி

இடுப்பு வலிக்காக இவர் எந்த அரசு மருத்துவமனைக்கும் போகவில்லை. தாய்க்கு மாத்திரை கொடுக்க வந்த மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்தான் பார்த்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை தருவதோடு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் முதியோருக்கும்தான் என்றே ஊரில் நினைப்பு. 38 வயது ஆள் திண்ணையில் பலகை போட்டுப் படுத்திருந்தால் அது ‘கேஸ்’ என்று யாருக்கும் தோன்றாது. இந்தத் தன்னார்வலருக்குத் தோன்றியது. ‘என்னண்ணே, மூணு வாரமா இப்படியே கெடக்கீங்களாமே’ என்று கேட்டுவிட்டு அன்றே இயன்முறை சிகிச்சையாளருக்குத் தகவல் சொன்னார். அவர் வந்தது 25ஆம் நாள்.

முதல் பரிசோதனை

முதலில், அவசரமாக மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. கேட்கப்பட்டவை: சிறுநீர் அடைக்கிறதா அல்லது தெரியாமல் போகிறதா, மலம் கட்டுப்பாடு இழந்ததா, உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்திருக்கிறதா, இரண்டு காலும் பலமிழக்கிறதா, காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு உண்டா, புற்றுநோய் முன்பு இருந்ததா, உயரத்திலிருந்து விழுந்தாரா, எந்தப் பக்கம் படுத்தாலும் இரவில் வலி விடாமல் இருக்கிறதா. முதல் நான்கில் ஒன்று இருந்தாலும் அன்றே அனுப்ப வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விடுகிற விஷயம் இல்லை.

செட்டில் ஒருவர் முந்திய ஆண்டு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருந்தார் என்பது பேச்சுவாக்கில் வந்தது. முதுகெலும்புக் காசநோய் நம் ஊரில் மறக்கக் கூடாத ஒன்று. எனவே முள்ளெலும்பு ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்க்கப்பட்டது. எங்கும் குத்தும் வலி இல்லை. காய்ச்சலோ எடைக் குறைவோ இல்லை.

பிறகு நரம்பு. குதிகாலாலும் நுனிக்காலாலும் பத்தடி நடந்தார். வலித்தது, ஆனால் கால் தளரவில்லை. இரண்டு கட்டைவிரலும் மேல்நோக்கி ஒரே பலத்தில் அழுத்தின. முழங்கால், கணுக்கால் அனிச்சைகள் இருபுறமும் சமம். படுத்தபடி நீட்டிய காலை 70 பாகை வரை உயர்த்தியபோது தொடைப் பின்புறம் இழுத்தது. முழங்காலுக்குக் கீழே வலி ஓடவில்லை. வலி அடி இடுப்பிலும் வலப் பிட்டத்திலும் மட்டும். ஆக, ஸ்கேனில் தெரிந்த புடைப்பு எந்த நரம்பையும் அழுத்துவதற்கான அடையாளம் உடம்பில் இல்லை.

குனியச் சொன்னபோது கவனித்தது முக்கியம். விரல் முழங்காலைத் தொட்டதும் நின்றுவிட்டார். மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, ஒரு கையால் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தார். ‘வலிக்குதா, பயமா இருக்கா?’ என்று கேட்டதற்குச் சற்று யோசித்து, ‘பயந்தான். வெளிய வந்துருமோண்டு’ என்றார்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் சரியான விடை வரவில்லை. ‘ஒரு ரூபாய்க்கு எத்தனை பைசா வலி?’ என்று தன்னார்வலர் கேட்டார். உடனே ‘எண்பது’ என்றார். அன்று முதல் இந்த நிகழ்வு முழுவதும் பைசாக் கணக்கிலேயே வலி குறிக்கப்பட்டது. அன்றாட முடக்கத்தை அளக்கும் 24 கேள்வி ரோலண்ட்-மாரிஸ் பட்டியலில் 17க்கு ‘ஆம்’.

பொட்டலத்தில் இருந்தது

மனைவி எடுத்துக் காட்டிய பையைக் கவிழ்த்துப் பார்த்தபோது ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு வலி மாத்திரைகள் வேறு வேறு பெயரில் இருந்தன. அதாவது ஒரே வகை மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டிருக்கிறார். கூடவே வயிற்றெரிச்சல் மாத்திரை, தூக்கத்துக்கு என்று ஒன்று, பிறகு பெயரில்லாத சிறிய வெள்ளை மாத்திரை. ‘அது போட்டாத்தான் நல்லாப் பசிக்குது, ஒடம்பு தெம்பா இருக்கு’ என்றார் மனைவி. முகமும் சற்று உப்பியிருந்தது. ஸ்டீராய்டு என்ற சந்தேகம் அங்கேயே எழுந்தது. ரத்த அழுத்தம் 152/96. விரல் நுனியில் குத்திப் பார்த்த சர்க்கரை 268. இவருக்குச் சர்க்கரை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

27ஆம் நாள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பார்த்தார். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்.பி.ஏ.1.சி.) 6.2. நீரிழிவு வரும் வாசலில் இருப்பவர், ஆனால் 268 வருகிற அளவுக்கு நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர் இல்லை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றியிருக்கிறது. ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஏற்றியிருக்கின்றன. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் நல்ல வேளையாக இயல்பாக இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருந்து. எல்லாப் பொட்டலமும் நிறுத்தப்பட்டது. வெள்ளை மாத்திரை மொத்தம் 15 நாள் மட்டுமே போயிருந்ததால் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை என்று மருத்துவர் முடிவு செய்தார். தலைச்சுற்றல், வாந்தி, தாளாத அசதி வந்தால் உடனே வரச் சொல்லி, மூன்றாம் நாள் மறுபடி அழுத்தம் பார்த்தார். பல வாரம், பல மாதம் ஸ்டீராய்டு எடுத்தவர் இப்படிச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதை மருத்துவர் கையில்தான் விட வேண்டும். அழுத்தம் 152 இருக்கும்போது புதிதாக வலி மாத்திரையும் வேண்டாம் என்று விடப்பட்டது. பதிலுக்கு நொச்சி இலை ஒத்தடம், நாளுக்கு இரண்டு வேளை, 15 நிமிடம். சூட்டை முதலில் மனைவி தன் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.

ஸ்கேன். மறு ஸ்கேன் இல்லை, அறுவைக்குப் பரிந்துரையும் இல்லை. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை 33 ஆய்வுகளிலிருந்து எடுத்துப் பார்த்தது. 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்ந்திருந்தது, 50 சதவீதம் பேருக்குப் புடைத்திருந்தது. வலியில்லாத இருவரில் ஒருவருக்கு இருக்கும் ஒன்றை இவர் வலிக்குக் காரணம் என்று சொல்ல, உடம்பில் வேறு சாட்சி வேண்டும். அது இல்லை.

சொல். ‘விலகல்’ என்ற சொல்லை எடுக்காமல் உடற்பயிற்சி எதுவும் பலிக்காது என்று குழு கருதியது. இதற்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. ஜவ்வு என்பது இரண்டு எலும்புக்கு நடுவே செருகி வைத்த வில்லை இல்லை, மேலும் கீழும் எலும்போடு ஒட்டிப் பிறந்தது, வழுக்கி வெளியே விழாது என்று முதுகெலும்பு மாதிரியைக் கையில் கொடுத்துக் காட்டப்பட்டது. இழுத்துப் பார்க்கச் சொன்னார்கள்; இழுத்தார். நரை விழுவதைப் போலப் புடைப்பும் வயதோடு வருவது என்று சொல்லப்பட்டது. ‘அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லங்கிறீங்களா?’ என்று கோபத்தோடு கேட்டார். இந்தக் கேள்விக்குத் தயாராக இருப்பது முக்கியம். வலி பொய் இல்லை; தசையும் மூட்டும் அடிபட்டது உண்மை; அது ஆறும் காயம், உடைந்த பொருள் இல்லை. இதுதான் பதிலாகச் சொல்லப்பட்டது.

அசைவு. பலகை எடுக்கப்பட்டது, கட்டில் திரும்பியது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பெல்ட்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் முன்னால் வைக்கிறது. இவருடையது இன்னும் மூன்று மாதம் தாண்டாத வலி. ஆனாலும் பெல்ட்டைக் கழற்றுவதற்கான காரணம் இவரிடமே தெரிந்தது: அதைத் தொட்டுக்கொண்டுதான் அசைந்தார். ஒரே நாளில் பிடுங்கவில்லை. முதல் வாரம் வெளியே போகும்போது மட்டும், இரண்டாம் வாரம் கையில் மட்டும், மூன்றாம் வாரம் ஆணியில்.

பயிற்சித் திட்டம்

முதல் வாரம்: மல்லாந்து, முழங்கால் மடக்கி, இரண்டு முழங்காலையும் சேர்த்து இடம் வலம் சாய்த்தல் 10, ஒவ்வொரு முழங்காலாக மார்புக்கு இழுத்தல் 10, கை கால் ஊன்றி முதுகை மேலே வளைத்துக் கீழே தளர்த்தல் 10. காலை, மாலை. பத்து நிமிட நடை மூன்று வேளை: வீட்டிலிருந்து ஊருணிக் கரை வரை போய்த் திரும்பினால் பத்து நிமிடம்.

இரண்டு, மூன்றாம் வாரம்: மல்லாந்தபடி இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தல், 10 தடவை, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுதல், பத்துப் பத்தாக மூன்று சுற்று. இவற்றோடு கம்புப் பயிற்சி. ஒரு மூங்கில் கம்பை முதுகோடு சேர்த்து, பின்மண்டை, தோள்பட்டை நடு, வால் எலும்பு என மூன்று இடத்திலும் படும்படி பிடித்துக்கொண்டு, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். கம்பு எந்த இடத்திலும் விலகக் கூடாது. இவர் முதலில் செய்தபோது வால் எலும்பிலிருந்து கம்பு நாலு விரல் எகிறியது. இடுப்பு மூட்டில் மடங்காமல் முதுகிலேயே மடங்குகிறார் என்பது அந்த நாலு விரலில் தெரிந்தது. பன்னிரண்டு நாளில் கம்பு ஒட்டியது.

நான்காம் வாரம் முதல் சுமை. ஐந்து கிலோ அரிசிப் பை, பிறகு பாதித் தண்ணீர்க் குடம், பிறகு முழுக்குடம் (15 லிட்டர், அதாவது 15 கிலோ), பிறகு சாக்கில் மணல் 20, 25, 30 கிலோ. முதலில் திண்ணை உயரத்திலிருந்து, ஒரு வாரம் கழித்துத் தரையிலிருந்து. விதி ஒன்றுதான்: செய்யும்போது வலி 20 பைசா வரை ஏறலாம், மறுநாள் காலைக்குள் பழைய கணக்குக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் ஒரு படி பின்னால் போக வேண்டும், நிறுத்தக் கூடாது.

இடையில் ஏற்பட்ட சறுக்கல்

34ஆம் நாள் வலி மறுபடி எண்பது பைசாவுக்குப் போனது. முந்திய நாள் தெம்பாக இருக்கிறதே என்று ஒரே மூச்சில் மேலூர் வரை நடந்துபோய் வந்திருக்கிறார். அன்று இரவு மனைவியே அதே கடைக்கு அழைத்துப் போய் ஊசி போட வைத்தார். மறுநாள் தன்னார்வலரிடம் மறைக்கவும் பார்த்தார்கள். காரணம் கேட்டபோது வெளிப்பட்டது: முதல் நாள் ஒரு மணி நேர விளக்கம் நடந்தபோது மனைவி அடுப்படியில் இருந்தார். ‘நீங்க சொன்னதெல்லாம் இவரு வந்து சொல்லல அக்கா. பாத்தா வலில துடிக்கிறாரு, நான் என்ன செய்ய?’ என்றார். அதே விளக்கம் அவருக்கும் தாய்க்கும் தனியே சொல்லப்பட்டது. வலி ஏறினால் செய்ய வேண்டியது ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டது: ஒத்தடம், முதல் வாரப் பயிற்சி மட்டும், ஐந்து நிமிட நடை, இரண்டு நாள் பொறு, சிறுநீர் அடைத்தாலோ கால் மரத்தாலோ உடனே போன். அந்த மாதத்தில் ஊசி அது ஒன்றுதான்.

தூக்கத்துக்காக இரவில் குடிக்கத் தொடங்கியிருந்ததும் இந்தச் சமயத்தில்தான் தெரிந்தது. படுத்தே கிடந்து பகலில் தூங்கியதே இரவுத் தூக்கம் போனதற்குக் காரணம். பகல் படுக்கை நின்றதும் இரண்டு வாரத்தில் குடி குறைந்தது.

கடையின் பெயரைக் கேட்டுப் புகார் எழுதுவதா என்ற பேச்சு வந்தது. குடும்பம் பெயர் சொல்ல மறுத்துவிட்டது. கடனுக்கு மருந்து தருகிற ஒரே கடை அது. வற்புறுத்தவில்லை.

மண்டியில் பார்த்தது

44ஆம் நாள், இவர் சம்மதத்தோடும் மேஸ்திரியின் அனுமதியோடும் இயன்முறை சிகிச்சையாளர் இரவு இரண்டு மணிக்கு மண்டியில் இருந்தார். ஒரு லாரி முழுவதும் இறங்குவதைப் பார்த்தார்.

லாரியின் தளம் தரையிலிருந்து சுமார் நான்கடி. மேல் வரிசை மூட்டைகள் சுமப்பவரின் தோளுக்கு நேராக இருப்பதால் அப்படியே சரித்து முதுகில் வாங்கிக்கொள்ள முடிகிறது. இடுப்புக்குச் சிரமமே இல்லை. துன்பம் கடைசி இரண்டு வரிசையில். அங்கே லாரி மேல் நிற்பவர்கள் தங்கள் கணுக்கால் மட்டத்திலிருந்து கொக்கியால் தூக்க வேண்டும். அதுவும் ஓரத்தில் நிற்பவர் இடமில்லாமல் காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்புகிறார். குனிதல், எடை, திருகல் மூன்றும் ஒரே நொடியில் சேர்கிற இடம் இது. இவருக்கு அடிபட்டதும் இதே வரிசையில்தான்.

‘50 கிலோ’ சாக்குகளில் பன்னிரண்டை எடை போட்டுப் பார்த்தார்கள். ஐம்பதுக்குக் கீழே மூன்று, மற்றவை கூட. ஓரம் நனைந்திருந்த ஒன்று 58. ஒரு வயது வந்த ஆண் வழக்கமாகச் சுமக்க வேண்டிய மேல் வரம்பாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது 55 கிலோ. யூரியா மூட்டையை நம் நாட்டில் 2018இல் 50இலிருந்து 45 கிலோவாகக் குறைத்தார்கள். வெங்காயச் சாக்குக்கும் அது முடியாத காரியம் இல்லை. ஆனால் சாக்கு கட்டப்படுவது மகாராஷ்டிரத்தில். ஒரு மண்டியின் செட் அதை மாற்ற முடியாது. எனவே எடையை விட்டுவிட்டு உயரத்தையும் திருகலையும் பிடிப்பது என்று முடிவானது.

மேஸ்திரியோடும் செட்டோடும் பேசி மூன்று மாற்றம். ஒன்று, லாரிக்குள் கவிழ்த்த பிளாஸ்டிக் டிரே நான்கைச் சேர்த்து மேடை: கடைசி வரிசை மூட்டையை இருவர் முதலில் மேடைக்கு ஏற்றி, அங்கிருந்து சுமப்பவர் முதுகுக்கு. மூட்டைக்கு நாலைந்து விநாடி கூடும். இரண்டு, திரும்ப வேண்டுமென்றால் காலை எடுத்து வைப்பது. மூன்று, 50 மூட்டைக்கு ஒரு தடவை லாரி மேல், சுமை, அட்டி என்று இடம் மாறுவது. மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு. அட்டி அடுக்குபவர்கள் அனுபவசாலிகள். புது ஆள் அடுக்கினால் சரியும் என்றார்கள். அது நியாயமான பேச்சு. அட்டியை விட்டுவிட்டு மற்ற ஏழு பேர் மட்டும் மாறுவது என்று தீர்ந்தது.

அரைப் பங்கு

அந்த வாரம்தான் இவர் சுமை தூக்கும் பயிற்சிக்கு வந்திருந்தார். 50 கிலோவுக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும். அதுவரை வீட்டில் இருந்தால் கடன் ஏறும், பயமும் ஏறும். முழு வேலைக்கு இப்போதே போனால் மறுபடி விழுவார். நடுவில் ஒரு படி வேண்டும். செட்டின் விதியில் அப்படி ஒன்று இல்லை.

48ஆம் நாள் பேச்சு நடந்தது. கேட்டது இவ்வளவுதான்: மூட்டை எண்ணுவது, கிழிந்த சாக்கைக் கோணி ஊசியால் தைப்பது, சிந்திய வெங்காயத்தைத் தரம் பிரிப்பது, அரை மூட்டைகளை மட்டும் சுமப்பது, அதற்கு அரைப் பங்கு. இருவர் ஒப்பவில்லை. தங்களுக்கு அடிபட்டபோது யார் தந்தார்கள் என்பது அவர்கள் கேள்வி. மேஸ்திரி அதற்கு ஒரு வழி சொன்னார்: இது இவருக்கு மட்டும் இல்லை, இனி யாருக்கு இடுப்பு பிடித்தாலும் நான்கு வாரம் அரைப் பங்கு. அதன் பிறகு ஒப்பினார்கள். 52ஆம் நாள் இவர் மண்டிக்குத் திரும்பினார்.

பயிற்சிகளைவிட இந்த ஏற்பாடுதான் இவரை எழுப்பியது என்பது குழுவின் மதிப்பீடு. ஆறு மூட்டை தைத்துவிட்டு வீடு திரும்பிய அன்று வலி 40 பைசா. வீட்டில் சும்மா இருந்த முந்திய நாளும் அதே 40.

விளைவு

80ஆம் நாள் முழுப் பங்கு. ரோலண்ட்-மாரிஸ் கணக்கு 17இலிருந்து ஆறாவது வாரம் 9, பன்னிரண்டாவது வாரம் 4. வேலை முடியும்போது 20 பைசா வலி நின்றது. அது இன்றும் இருக்கிறது. ரத்த அழுத்தம் மூன்று வாரத்தில் மருந்தில்லாமல் 134/86. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. இன்னும் வாசலில்தான் நிற்கிறார் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். ஐந்தாம் மாதம் ஒரு தடவை பிடித்தது. சுவர் அட்டையில் இருந்தபடி செய்து, இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் வேலைக்குப் போனார், ஊசி இல்லை.

டிரே மேடை இரண்டு மாதம்தான் நீடித்தது. டிரேக்கள் பக்கத்துத் தக்காளிக் கடைக்காரருடையவை. அவர் கேட்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சில வாரம் பழையபடியே நடந்தது. பிறகு கடைக்காரர் பழைய பலகையில் ஒன்றரையடி உயர மேடை ஒன்று அடித்துக் கொடுத்தார். கனம் அதிகம் என்பதால் லாரியில் ஏற்ற இருவர் வேண்டும். அவசர நாளில் ஏற்றுவதில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது, 2050இல் 84.3 கோடியாகும் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. முடக்கத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் உலகில் வேறில்லை. ஆனாலும் வீடு வீடாகப் போகும் பதிவேட்டில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இருப்பதுபோல் இதற்கு ஒரு கட்டம் இல்லாததால் இவர் 23 நாள் யார் கண்ணிலும் படவில்லை. ‘வீட்டில் யாராவது இடுப்பு வலியால் ஒரு வாரத்துக்கு மேல் வேலைக்குப் போகாமல் இருக்கிறார்களா?’ என்ற ஒரு கேள்வியைத் தன்னார்வலர் இப்போது எல்லா வீட்டிலும் கேட்கிறார்.

மனைவியை முதல் நாளே உட்கார வைத்திருக்க வேண்டும். மண்டிக்கு 44ஆம் நாள் போனது தாமதம். முதல் வாரமே போயிருந்தால் அரைப் பங்குப் பேச்சு இரண்டு வாரம் முன்னால் தொடங்கியிருக்கும். இடுப்பு வலிக்காரர் எவராக இருந்தாலும் பையைக் கவிழ்த்துப் பார்ப்பதும், சர்க்கரையும் அழுத்தமும் அளப்பதும் முதல் சந்திப்பிலேயே கட்டாயம். இவருக்கு அது தற்செயலாகத்தான் நடந்தது. பொட்டலத்தை மனைவி தானாக எடுத்துக் காட்டாவிட்டால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மருந்துக் கடை விஷயம் தீரவில்லை. பெயரில்லாத பொட்டலம் இன்றும் அங்கே கிடைக்கிறது.

ஆறாம் மாதம் அதே செட்டில் வேறொருவருக்கு இடுப்பு பிடித்தது. அவரும் முதல் நாள் ஒரு ஊசி போட்டுக்கொண்டார். ஸ்கேன் எடுக்கவில்லை. நான்காம் நாள் அரைப் பங்குக்கு வந்து சாக்குத் தைத்தார். பத்தொன்பதாம் நாள் முழுப் பங்கு. தோடு இன்னும் அடகில் இருக்கிறது.